‘எல்லாம் சேர்த்து’ எவ்வளவு? செட்டிநாட்டுக் கொல்லையில் ஒரு பூல் ஹவுஸின் கணக்கு

பள்ளத்தூரில் அக்கா வீட்டுக் கொல்லை. புதிதாக வெட்டிய நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் பூல் ஹவுஸுக்கு, அதாவது குளத்தோடு சேர்ந்த சின்னக் கட்டடத்துக்கு, மேஸ்திரி ஒரு வேப்பங்குச்சியை எடுத்துத் தரையில் கோடு கிழித்தார். நீளம் 20 அடி, அகலம் 10 அடி. ஒரு ஓரத்தில் மோட்டார் ரூம், நடுவில் குளியலறையும் கழிவறையும், மறு ஓரத்தில் துணி மாற்றி உட்கார ஒரு சின்ன அறை. குளத்தைப் பார்த்தபடி 6 அடிக்குத் தாழ்வாரம்.

“சதுர அடிக்கு 2,500 போட்டுக்குங்க ஆச்சி. 200 அடிக்கு அஞ்சு லட்சம்.”

“எல்லாம் சேர்த்தா?”

“எல்லாம் சேத்துத்தான்.”

வேலை முடிந்தபோது செலவு 10 லட்சத்தைத் தொட்டிருந்தது. மேஸ்திரி ஏமாற்றினார் என்று சொல்லமாட்டேன். அவருடைய ‘எல்லாம்’ கடைக்காலில் (அஸ்திவாரத்தில்) தொடங்கிப் பூச்சு வேலையோடு முடிகிறது. அக்காவுடைய ‘எல்லாம்’, குளித்துவிட்டு வந்து ஃபேன் போட்டு உட்கார்ந்து காபி குடிப்பது வரை. இரண்டுக்கும் நடுவில்தான் அந்த இன்னொரு 5 லட்சம் இருந்தது.

இத்தனைக்கும் கணக்குக்குப் பேர்போன ஊர். சிட்டை, பேரேடு, ஐந்தொகை என்று எழுதி பர்மாவிலும் மலேயாவிலும் வட்டித்தொழில் நடத்தியவர்களின் பேரப்பிள்ளைகள். கல்யாணச் சாமான் பட்டியலில் பித்தளை அண்டா முதல் எண்ணெய்க் கரண்டி வரை ஒன்று விடாமல் எழுதுவார்கள். கொல்லையில் ஒரு சின்னக் கட்டடம் என்றதும் அதே கை அழைப்பிதழின் பின்பக்கத்தில் ஒற்றைப் பெருக்கலைப் போட்டு நிறுத்திக்கொள்கிறது. சின்னதுதானே என்ற நினைப்பு. சின்னதாக இருப்பதுதான் சிக்கலே.

சதுர அடி ரேட் என்பது முழு வீட்டுக்காக உண்டான கணக்கு. 40-க்கு 25 என்று 1,000 சதுர அடி வீடு கட்டினால் வெளிச்சுவரின் சுற்றளவு 130 அடி. 10 அடி உயரத்துக்கு 1,300 சதுர அடிச் சுவர். உள்தடுப்புகள் ஒரு 100 அடி நீளம் என்று வைத்தாலும் மொத்தம் 2,300. தரையின் ஒரு சதுர அடிக்கு 2.3 சதுர அடிச் சுவர் வருகிறது. இப்போது அக்காவின் 20-க்கு 10 கட்டடத்தைப் பாருங்கள். சுற்றளவு 60 அடி, அறைகளைப் பிரிக்க இரண்டு தடுப்பு, ஆளுக்கு 10 அடி. ஆக 80 அடி நீளம், 800 சதுர அடிச் சுவர். தரையோ 200-தான். ஒன்றுக்கு நான்கு! சுவருக்கு இரு பக்கமும் பூச்சு உண்டு, பெயிண்ட் உண்டு, கீழே கடைக்கால் உண்டு. எல்லாமே அதே விகிதத்தில் ஏறும். அதற்கு மேல், கழிவறைக் கோப்பை ஒன்றின் விலை 200 அடி வீட்டிலும் அதேதான், 2,000 அடி வீட்டிலும் அதேதான். பெரிய வீட்டில் அது சதுர அடிகளுக்குள் கரைந்துவிடும். இங்கே கரைய இடம் இல்லை.

அதனால் பூல் ஹவுஸை அடிக்கணக்கில் பேசக்கூடாது, பொருள் கணக்கில் பேசவேண்டும் என்பது என் கட்சி. எத்தனை குழாய் முனை, எத்தனை மின் பாயிண்ட், எத்தனை கதவு, கழிவு நீர் எந்தக் குழிக்குப் போகிறது, தாழ்வாரத்துக்கு முழு ரேட்டா அரை ரேட்டா. இந்த அரை ரேட் விஷயத்தை அக்கா கேட்கவே இல்லை. 6 அடி தாழ்வாரம் 20 அடி நீளத்துக்கு 120 சதுர அடி. அது மேஸ்திரியின் 200-க்குள் வராது என்பது தூண் நட்ட பிறகுதான் தெரிந்தது.

பணம் அதிகம் ஓடுவது தண்ணீர் போகிற வழியில். பூல் ஹவுஸ் என்பதே தண்ணீரைச் சுற்றிக் கட்டுகிற கட்டடம். குளிக்கிற தண்ணீர் ஒரு பக்கம், கழிவறைத் தண்ணீர் ஒரு பக்கம், ஃபில்டரைக் கழுவுகிற தண்ணீர் இன்னொரு பக்கம். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். மணல் ஃபில்டரில் அழுக்குச் சேர்ந்ததும் தண்ணீரைத் தலைகீழாக ஓட்டிக் கழுவவேண்டும், பேக்வாஷ் என்பார்கள். நிமிஷத்துக்கு 150, 200 லிட்டர் தள்ளும் மோட்டார் மூன்று நிமிஷம் ஓடினால் 500 லிட்டர் அளவுக்குக் குளோரின் கலந்த கலங்கல் தண்ணீர் வெளியே வரும். அதைத் தென்னைக்கு விட முடியாது, கிணற்றுப் பக்கம் விட முடியாது, தெருச் சாக்கடைக்குக் கொண்டுபோக எங்கள் ஊர் வீடுகளின் நீளம் இடம் கொடுக்காது. தனியாக ஓர் உறிஞ்சுகுழி வேண்டும்.

அக்கா வீட்டில் இதற்குக் குழாயே போடவில்லை. தரை போட்டு, ஓடு பதித்து, சாந்து காய்ந்த பிறகு குளத்துக்கு மெஷின் மாட்ட வந்த பையன் “பேக்வாஷ் லைன் எங்கக்கா?” என்று கேட்டான். யாரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலை கொத்தனார் உளியோடு உட்கார்ந்து, நான்கு நாளைக்கு முன்னால் தானே பதித்த தரை ஓடுகளை வரிசையாகப் பெயர்த்தார். மோட்டார் ரூமிலிருந்து தாழ்வாரத்தைத் தாண்டி 14 அடிக்கு வெட்டு. குழாய் விலை சொற்பம். உடைத்த கூலி, அள்ளிய கூலி, திரும்பப் பதித்த கூலி, அதே சாயத்தில் ஓடு கிடைக்காமல் மறுபடி வாங்கியது எல்லாம் சேர்ந்து குழாய் விலையைப் போலப் பல மடங்கு. இன்றைக்கும் அந்த ஒரு பட்டை மட்டும் கொஞ்சம் வெளுத்துத் தெரியும்.

கழிவறைக்கு செப்டிக் டேங்க் தனியா, பழைய வீட்டு டேங்கோடு இணைப்பா என்பது அடுத்தது. முகப்பு, முற்றமுள்ள வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று போய்க்கொண்டே இருக்கும் வீட்டில் பழைய டேங்க் எங்கே இருக்கிறது என்பதே பெரியவர்களைக் கேட்டால்தான் தெரியும். தரைமட்டம் குளத்துப் பக்கம் தாழ்ந்திருந்தால் கழிவு நீர் ஓட வாட்டம் (சரிவு) கிடைக்காது. கொல்லையில் கிணறு இருந்தால் உறிஞ்சுகுழி அதிலிருந்து 60 அடியாவது தள்ளி இருக்கட்டும். இடம் போதவில்லை என்றால் கழிவறை யோசனையையே விட்டுவிடலாம். வீட்டுக் கழிவறை 100 அடி தூரத்தில்தானே இருக்கிறது. பட்ஜெட்டில் ஒரே வெட்டில் பெரிய தொகை மிச்சமாவது இந்த ஓர் இடத்தில்தான். வெளியில் நின்று குளிக்க ஒரு ஷவர், நாலு பக்கம் தட்டி மறைப்பு, கீழே கருங்கல். நான் கட்டினால் அப்படித்தான் கட்டுவேன்.

தண்ணீரில் வரவும் உண்டு. 200-ம் 120-ம் சேர்ந்து 320 சதுர அடிக் கூரை என்றால் 30 சதுர மீட்டர். நம் பக்கம் வருஷ மழை ஏறத்தாழ 900 மி.மீ. சிந்தியது சிதறியது போக 25,000 லிட்டர் அளவுக்குப் பிடிக்கலாம். 24-க்கு 12 அடி, நாலரை அடி ஆழக் குளத்தின் கொள்ளளவே 37,000 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவுதான். வளவின் நாலு மூலையிலும் கூரைத் தண்ணீரை அண்டாவில் பிடித்த வீட்டில், கொல்லைக் கட்டடத்துக்குத் தூம்பு வைக்காமல் விடுவது வெட்கக்கேடு. தமிழ்நாட்டில் மழைநீர் சேமிப்பு 2003 முதல் கட்டாயம் என்பதால் வரைபடத்தில் எப்படியும் அதைக் காட்டவேண்டும். காட்டுவதைச் செய்தும் விடலாம்.

அடுத்தது கடைக்கால். எங்கள் பக்கத்துச் செம்பொறை மண் கெட்டியானது. வானம், அதாவது கடைக்கால் பள்ளம், தோண்டும்போது கடப்பாரை தெறிக்கும். அந்தத் தைரியத்தில் குளத்தின் விளிம்பிலேயே தாழ்வாரத் தூணை நிறுத்துகிறார்கள். ஆனால் குளம் வெட்டும்போது ஆள் நின்று வேலை செய்யச் சுற்றிலும் இரண்டு மூன்று அடி கூடுதலாகத் தோண்டி, பிறகு அந்த இடத்தை மண்ணால் மூடியிருப்பார்கள். அது மேலே பார்க்கத்தான் தரை. இரண்டு மழைக்காலம் போனால் இறங்கும். தூணும் கூடவே இறங்கும். தாழ்வாரத்துக்கும் அறைக்கும் நடுவில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். ஒன்று, மூடிய மண்ணைத் தாண்டித் தூணைத் தள்ளி வைக்கவேண்டும். அல்லது தொடாத மண் வரைக்கும் கீழே போகவேண்டும், அதாவது கூடுதல் கான்கிரீட், கூடுதல் கம்பி. குளத்தையும் கட்டடத்தையும் ஒரே நேரத்தில் திட்டமிட்டால் இந்தச் செலவு பாதியாகும். முதலில் குளம், அப்புறம் பார்க்கலாம் என்பவர்கள் இரண்டு முறை தோண்டக் காசு கொடுக்கிறார்கள்.

ஜே.சி.பி. உள்ளே வருமா என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். தெருவுக்குத் தெரு நீண்ட வீடு என்றால் பின்தெரு வாசல் வழியாக வண்டி வரும் என்று எண்ணுவோம். அந்த வாசல் மாட்டுவண்டிக் காலத்து அளவு. மேலே நிலையும் வளைவும் இருக்கும். லாரி உள்ளே நுழையாவிட்டால் எம்-சாண்ட், ஜல்லி, கல், சிமெண்ட் எல்லாம் தெருவில் இறங்கித் தலைச்சுமையாக வரும். மூன்று யூனிட் மணலைச் சித்தாள்கள் 150 அடி தூரம் சுமந்தால் அதற்கென்று தனி நாள் கூலி. பூல் ஹவுஸ் மதிப்பீடுகள் எதிலும் இந்த வரி இருந்து நான் பார்த்ததில்லை.

சரி, செட்டிநாட்டில் கட்டுகிறோம், பார்க்கச் செட்டிநாடாக இருக்கவேண்டாமா? வேண்டும்தான். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் இடித்த வீடுகளின் தேக்குத் தூணும் நிலைக்கதவும் கிடைக்கின்றன. நல்ல யோசனை, ஒரு நிபந்தனையோடு: தூணையும் கதவையும் முதலில் வாங்கி, அளந்து, அதற்குப் பிறகு வரைபடம் போடுங்கள். பழைய உள்கதவுகள் குள்ளம், ஆனால் நிலை தடிமன். வாசலுக்கு மேல் லிண்டல் கான்கிரீட் போட்ட பிறகு அப்படி ஒரு கதவைக் கொண்டுவந்தால் ஒன்று சுவரை உடைக்கவேண்டும், இல்லை ஓர் அடிக்குக் கல் கட்டி மூடவேண்டும். தூணின் உயரத்தை வைத்துத்தான் தாழ்வாரத்துக் கூரையின் சரிவே அமையும்.

ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி நான் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காது. கண்ணாடித் தட்டின் மேல் சாயச் சாந்து ஊற்றி, மணலும் சிமெண்டும் வைத்து அழுத்தி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கும் கல் அது. நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும். ஈரக்காலோடு ஓடிவரும் பிள்ளைக்கு அந்தப் பளபளப்பு ஆபத்து. சிமெண்டுக் கல் என்பதால் ஆசிட் பட்டால் அரித்துவிடும், மோட்டார் ரூமிலோ ஆசிட் கேன் நிற்கும். உட்காரும் அறைக்கு ஆத்தங்குடிக் கல் போடுங்கள், அழகாக இருக்கும். குளத்து ஓரத்துக்கும் குளியலறைக்கும் சொரசொரப்பான கல்தான் சரி. அதிலும் கறுப்புக் கல் சித்திரை வெயிலில் தோசைக்கல், வெளிர் நிறம் பாருங்கள்.

கூரைக்கு நாட்டு ஓடா, ஆர்.சி.சி.யா? ஓட்டுக்கூரை குளிர்ச்சி, பார்வைக்கும் லட்சணம். மரமும் ரீப்பரும் கறையானுக்கு மருந்து அடித்துத்தான் ஏறவேண்டும். குரங்கு நடமாடும் ஊரில் ஓடு மாற்றுவது வருஷச் செலவு. அக்கா அறைகளுக்கு மேலே கான்கிரீட், தாழ்வாரத்துக்கு மட்டும் ஓடு என்று முடித்தார். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது.

மோட்டார் ரூமில் கை இறுக்கக்கூடாது. நீர்மட்டத்துக்குக் கீழே பம்ப் இருந்தால் தண்ணீர் தானாக வந்து நிற்கும், பம்ப்புக்கு நல்லது. ஆனால் அந்தப் பள்ளம் ஐப்பசி மழையில் நிறையும். வடிகாலோ, தானாக ஓடும் சின்ன மோட்டாரோ இல்லாவிட்டால் பம்ப் முழுகும். குளோரினையும் ஆசிட்டையும் ஒரே அலமாரியில் வைக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் விஷவாயு. கலக்காவிட்டாலும் அந்த ஆவி மின் பேனலின் செம்பைத் தின்னும். ஆகவே மருந்துக்குக் காற்றோட்டமுள்ள தனிப்பெட்டி வெளியே, பேனல் உள்ளே. ஈரக்கால் படும் இடமாதலால் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுக்கே கட்டாகிற ஆர்.சி.சி.பி. சுவிட்சும் தனி எர்த் குழியும் கட்டாயம். பழைய வீட்டு மெயின் போர்டிலிருந்து இங்கே கேபிள் இழுக்கும் தூரத்தை அடிவைத்து எண்ணிப்பாருங்கள். எங்கள் வீடுகளில் அது 200 அடிக்குக் குறையாது.

அனுமதி விஷயத்தை நீட்டவேண்டியதில்லை, ஒன்று மட்டும். 2024-ல் வந்த சுயசான்று முறை (நாமே உறுதி கொடுத்து அனுமதி பெறுவது) 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம் உள்ள வீடுகளுக்கானது. நம் மனைகள் அந்த அளவுக்குள் அடங்காது. எனவே பேரூராட்சியில் வழக்கமான வழியில் போகவேண்டும். வரைபடம், கட்டணம், கட்டடத் தொழிலாளர் நலவாரிய நிதி என்று ஒரு தொகை ஒதுக்குங்கள். அதைவிடப் பெரிய அனுமதி பங்காளிகளுடையது. வீடு நாலு புள்ளிக்கு, அதாவது நாலு குடும்பத்துக்கு, பொதுவாக இருக்கும், கொல்லை யாருக்கு என்று எழுதியே இருக்காது. முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு எல்லோரும் கூடும்போது பேசி, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கட்டி முடித்தபின் வரும் பேச்சுக்குச் செலவு வக்கீல் கணக்கில் ஏறும்.

சரி, 10 லட்சத்தை எப்படிப் பிரிப்பது? அக்கா வீட்டு அனுபவத்தை வைத்து நான் போடுகிற கணக்கு இது. கடைக்காலிலிருந்து கூரை, பூச்சு வரை தாழ்வாரமும் சேர்த்து நாலரை லட்சம். குழாய், சாமான், செப்டிக், உறிஞ்சுகுழி எல்லாம் 2 லட்சம். மின்சாரத்துக்கு 75,000. கதவு, ஜன்னல், தரை, பெயிண்டுக்கு ஒன்றேகால் லட்சம். வரைபடம், அனுமதிக்கு 25,000. மீதி ஒன்றேகால் லட்சத்தை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொள்ளவேண்டும். சொன்னால் அது கையிருப்பாக இராது, இத்தாலி ஷவராக மாறிவிடும். உங்கள் ஊர் ரேட்டுக்குத் தொகைகள் மாறும்; ஆனால் கட்டடத்தின் உடம்பு மொத்தத்தில் பாதிக்கும் கீழே என்பது அநேகமாக மாறாது. சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக 2025 செப்டம்பரில் குறைந்ததைக் கேட்டு மகிழ்ந்தவர்கள், இவ்வளவு சின்ன வேலையில் சிமெண்ட் எத்தனை மூட்டை என்று எண்ணிப் பார்த்தால் அடங்கிவிடுவார்கள். பில் போடும் கான்ட்ராக்டர் என்றால் அவருக்கான 18 சதவீதம் ரேட்டுக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

பணத்தைத் தவணையாகக் கொடுப்பது எல்லோருக்கும் தெரியும். அச்சாரம், பேஸ்மெண்ட், லிண்டல், ரூஃப், பூச்சு. கடைசி 10 சதவீதத்தை மட்டும் ஐப்பசி மழை ஒன்றைப் பார்த்துவிட்டுத் தருவதாக முதல் நாளே பேசிவிடுங்கள். மார்கழி கழிந்து தையில் தொடங்கினால் சித்திரைக்குள் கூரை ஏறிவிடும், கொத்தனாருக்குக் கிராக்கி இருந்தாலும். ஆடியில் நிறுத்திவைத்தால் பூச்சு வேலை மழையில் மாட்டும்.

கட்டியபின் ஓடுகிற செலவு வேறு கதை. 24-க்கு 12 குளத்தில் கோடையில் நாளுக்கு 5 மி.மீ. ஆவியானால் 135 லிட்டர் போகும், மாதத்துக்கு 4,000. ஒரு எச்.பி. மோட்டார் நாளுக்கு ஆறு மணி நேரம் ஓடினால் நாலரை யூனிட்; இரண்டு மாத ரீடிங்குக்கு 270. இலவச யூனிட்டை வீடு ஏற்கெனவே தின்றிருக்கும். மொத்தம் 500-ஐத் தாண்டினால் ரேட்டே வேறு. குடும்பம் சென்னையில் இருந்து கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டும் வருவதாக இருந்தாலும் மோட்டாரை நிறுத்த முடியாது, ஒரு வாரத்தில் தண்ணீர் பாசிபிடித்துவிடும். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். விருந்தினருக்கு வாடகைக்கு விட்டால் ஈடுகட்டலாம் என்று அத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். மின் இணைப்பு வணிகக் கட்டணத்துக்கு மாறும் என்று தெரிந்ததும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

அக்கா இப்போது பூல் ஹவுஸுக்கென்று தனி சப்-மீட்டர் மாட்டியிருக்கிறார். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஞாயிறுதோறும் அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அக்கா அதை ஒரு நீளநோட்டில், இடது பக்கம் தேதி, வலது பக்கம் யூனிட் என்று எழுதிவைக்கிறார்.